வந்த நாள்

அந்த அரசு நடுநிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருடமாக ஒரு பாடமும் நடத்தாத டீச்சர் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் அவரை ஆபீஸ் டீச்சர் என்றார்கள். உண்மையில் அவர் எழுத்தர். சேர்க்கைப் பதிவேடு, வருகைக் கணக்கு, மதிப்பெண் தொகுப்பு, மாற்றுச் சான்றிதழ், தொலைபேசி, சாவிக்கொத்து எல்லாம் அவர் தலையில். கண்ணாடி போட்டுக்கொண்டு கையில் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் யாரும் பிள்ளைகளுக்கு டீச்சர்தான். திருத்திப் பார்த்தார். முதல் வருடமே அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

பெரியவர்கள் அப்படி ஏமாறவில்லை. ஆசிரியர்கள் ஓய்வறையில் வட்டமாக உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிடும் நேரத்தில், ஆபீஸ் டீச்சர் தன் மேசையிலேயே டிபன் டப்பாவைத் திறப்பார். போன் அடித்தால் எடுக்க ஆள் வேண்டுமே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அறிவியல் டீச்சர் ஒருவர் மட்டும் தினமும் வந்து கூப்பிட்டார். அவர் மாற்றலாகிப் போனதும் கூப்பிடுவதும் நின்றது. கூட்டம் என்றால் ஆபீஸ் டீச்சருக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். கருத்து கேட்க மாட்டார்கள். உப்புக்குச் சப்பாணி. அதில் அவருக்கு வருத்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வருத்தம்தான்.

வீட்டிலும் பேச்சுத்துணை கிடையாது. உதிரிபாகக் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். எப்போது நிறுத்தினார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா போய் ஐந்து வருடம் ஆகிறது. வேறொரு நகரத்தில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, ரிடையர் ஆனதும் இங்கேயே வந்துவிடு அக்கா என்பான். பக்கத்தில் தம்பி மனைவி பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் ஒரு கணம்கூட நிற்காது. அவளும் கூப்பிடுவதாக இருந்தால் ஒரு நிமிடம் குழாயை மூடியிருப்பாள் என்று இவர் நினைத்துக்கொள்வார்.

ஆக, பள்ளிக்கூடம்தான் அவருக்கு எல்லாமே. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்கென்று இருந்த பெரிய காரியம் ஆண்டுப் படிவம்.

பதினோரு பக்கம். வருடக் கடைசியில் மேலிடத்துக்குப் போக வேண்டும். எத்தனை ஆண், எத்தனை பெண். வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள். அப்பா, அம்மா இருவரோடும் இருப்பவர் எத்தனை பேர், ஒருவரோடு எத்தனை பேர், இருவரும் இல்லாமல் எத்தனை பேர். பெற்றோர் என்ன தொழில். வீடு எவ்வளவு தூரம். இந்த வருடத்தில் வீடு மாறியவர் எத்தனை பேர். கடைசி இரண்டு பக்கத்தில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி. மற்ற பள்ளிகளில் இதைக் கடைசி வாரம் அவசர அவசரமாக நிரப்பி, கூட்டல் தப்பி, திரும்பி வந்து, அழுவார்கள். இவர் படிவம் ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை. நூற்றைம்பது பிள்ளைகளும் அவருக்கு ஆள் ஆளாகத் தெரியும். 'இருவரும் இல்லாமல் - 4' என்று எழுதினால் அந்த நான்கு முகமும் கண்முன் வரும்.

இருபத்தெட்டு படிவத்தின் நகலும் அவர் அலமாரியில் இருந்தது. அதை வரிசையாகப் புரட்டினால் அந்தப் பகுதியின் கதையே தெரியும். முதல் பத்து வருடம் பெற்றோர் தொழில் பத்தியில் செருப்புத் தொழிற்சாலைதான். தொழிற்சாலையை மூடினார்கள், பத்தி காலியானது. பிறகு வீட்டு வேலை, காவல் வேலை, சுமை தூக்குதல். கடந்த ஏழெட்டு வருடமாகப் பாலம் கட்டுகிறவர்கள், சாலை போடுகிறவர்கள். வேலை நகர்ந்தால் குடும்பமும் நகரும். இப்படிப் புரட்டும்போது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. தேர்ச்சி ஏறுவதும் இறங்குவதும் எந்த ஆசிரியர் வந்தார், போனார் என்பதைப் பொறுத்து இல்லை. 'வீடு மாறியவர்' எண்ணிக்கை ஏறினால் தேர்ச்சி இறங்கியது. அது இறங்கினால் இது ஏறியது. வருடத்துக்கு வருடம், பிசகாமல். ஒரு வருடம் தைரியம் வந்து, படிவத்தின் கடைசியில் இருந்த குறிப்புரைக் கட்டத்தில் இதை நான்கு வரியில் அழகாக எழுதி அனுப்பினார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. குறிப்புரைக் கட்டத்தைக் காலியாக விடவும் என்று இருந்தது.

இனி கதைக்கு வேண்டிய ஒரே ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி திறந்த இரண்டாவது மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமைக்கு எண்ணிக்கை நாள் என்று பெயர். அன்றைக்குள் சேர்ந்த பிள்ளை முழு ஆண்டு மாணவர். அதன் மதிப்பெண் பள்ளியின் தேர்ச்சிக் கணக்கில் சேரும். அதற்குப் பிறகு சேர்ந்தால் 'தாமத வரவு'. மதிப்பெண் கணக்கில் சேராது. யாரோ பாதி வருடத்தில் வந்து தோற்றால் பள்ளியைக் குறை சொல்லக் கூடாது என்ற நியாயம்தான்.

ஆனால் சேர்ந்த நாள் எது? பிள்ளை வந்த நாளா, மாற்றுச் சான்றிதழ் முதலான காகிதம் வந்த நாளா? விதியில் அது இல்லை. காகிதம் இல்லாமல் வரும் பிள்ளையைப் பெரும்பாலான பள்ளிகளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆபீஸ் டீச்சருக்கு அதற்கு மனம் வராது. அம்மா அப்பா அலைந்து காகிதம் கொண்டுவரட்டும், அதுவரை பிள்ளை ஏன் வீட்டில் கிடக்க வேண்டும் என்று அன்றே வகுப்பில் உட்கார வைத்துவிடுவார். பதிவேட்டில் அன்றைய தேதியைப் பென்சிலால் குறிப்பார். காகிதம் வந்ததும் அந்தத் தேதியையும் பக்கத்தில் பென்சிலால் குறிப்பார். வருடக் கடைசியில் படிவம் எழுதும்போது இரண்டில் ஒன்றின்மேல் மை ஏறும். பெரும்பாலும் இரண்டு தேதியும் எண்ணிக்கை நாளுக்கு முன்னால் இருக்கும். எதன்மேல் எழுதினாலும் ஒன்றுதான். அபூர்வமாக ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் விழும். அப்போது தலைமையாசிரியரிடம் கேட்பார். பிள்ளை தேறியிருந்தால் முதல் தேதி, தோற்றிருந்தால் இரண்டாவது தேதி. யார் குடியும் கெடவில்லை, சதவீதம் மட்டும் ஒரு புள்ளி நிமிர்கிறது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். தேதி என்பது படிவத்துக்குத்தானே என்று ஒரு எழுத்தருக்குத்தான் தோன்றும்.

அந்த நினைப்பில் மண் விழுந்தது ஒரு சலவைக்கடையில்.

எழுதி எழுதி வலது மணிக்கட்டு வீங்கிப்போய், படுக்கை விரிப்பைப் பிழிய முடியாமல், அந்த மழைக்காலத்தில்தான் அவர் முதன்முதலாகச் சலவைக்கடைக்குப் போனார். கவுன்டரில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். மூட்டையை வாங்கியவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆபீஸ் டீச்சர்தானே?" என்றாள். அவருக்கும் அவளைத் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு. ஒருவரோடு மட்டும் இருப்பவர் பத்தியில் ஒருத்தி. அம்மா மருத்துவமனையில் துப்புரவு வேலை. இப்போது எந்த வகுப்பு என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒருத்தி தன்னை அடையாளம் கண்டு பேசியதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"படிக்கல டீச்சர். நான் லேட்டா வந்தவ இல்ல? கணக்குல மட்டும்தான் போச்சு. மறுபரீட்சை எழுதலாம்னு போனா, லேட்டா வந்தவங்களுக்குக் கிடையாதுன்னுட்டாங்க. திரும்ப முதல்லேருந்து எட்டாவது உக்காரணுமாம். சின்னப் பசங்களோட உக்கார வெக்கமா இருந்துச்சு. அப்படியே நின்னுட்டேன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழையில் நனைந்துவிட்டேன் என்பது போலச் சொல்லிவிட்டு, விரிப்பை எண்ணி ரசீது எழுதினாள்.

திங்கட்கிழமை காலை எல்லாருக்கும் முன்னால் பள்ளிக்கு வந்து ஆபீஸ் டீச்சர் பழைய பதிவேட்டை எடுத்தார். எண்ணிக்கை நாள் வெள்ளிக்கிழமை. அவள் பெயருக்கு நேரே பென்சிலில் புதன்கிழமைத் தேதி அழிந்தும் அழியாமலும் இருந்தது. பக்கத்தில், மையில், அடுத்த செவ்வாய்க்கிழமை. எழுத்து அவருடையதுதான், சந்தேகமே வேண்டாம். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்து, அதுவரை ஆசிரியர் சமாச்சாரம் என்று தொட்டே பார்க்காத தேர்வுப் பகுதியைப் படித்தார். ஒரே பாடத்தில் தோற்றவர் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்துகொண்டே அந்தப் பாடத்தை மறுபடி எழுதலாம். முழு ஆண்டு மாணவருக்கு மட்டும். புத்தகத்தை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமையே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனார். போனால் அந்தப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுவாள். கடையில் இஸ்திரி போடும் ஆளின் குறட்டையைப் பற்றி, வழுக்கைத் தலையர் ஒருவர் வாராவாரம் தலையணை உறையில் முடி இருக்கிறது என்று சண்டைக்கு வருவதைப் பற்றி எல்லாம் சொல்வாள். ஆபீஸ் டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். ஒரு வாரத்தில் அவர் வாய்விட்டுப் பேசுவது அந்த அரைமணி நேரம்தான். அதைச் சொன்னால் இது போய்விடும். அதனால் மென்று விழுங்கினார். அழுக்கே இல்லாத விரிப்பையெல்லாம் உதறி மூட்டை கட்டிக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா இறந்துபோனாள். ஏற்கனவே நுரையீரலில் ஏதோ இருந்தது என்றார்கள். ஆபீஸ் டீச்சர் துக்கம் கேட்கப் போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்றும் சொல்லவில்லை. அன்று போய் எப்படிச் சொல்வது?

இந்த நிலையில்தான் பாலத்துப் பெண் விவகாரம் வந்தது.

அவள் அப்பா ஆற்றுக்குக் குறுக்கே கட்டும் பெரிய பாலத்தில் கம்பி கட்டுகிறவர். பிள்ளைகள் வைத்த பெயர் அதனால்தான். எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். வீட்டில் பேசும் மொழி வேறு. படிவத்தில் 'மற்றவை' என்ற கட்டத்தில் அவள் ஒருத்திதான். இங்கே உள்ள பேச்சு புரியும், பேசினால் சிரித்தார்கள், அதனால் பேசுவதை விட்டுவிட்டாள். மதிய இடைவேளையில் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் கட்டையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள். ஜன்னலுக்கு உள்ளே ஆபீஸ் டீச்சர் தனியாகச் சாப்பிடுவார். ஒரு வருடம் முழுக்க இருவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். உள்ளே வா என்று இவர் கூப்பிடவில்லை. ஆபீஸுக்குள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று இவரே எழுதி ஒட்டிய காகிதம் கதவில் இருந்தது.

முடிவுகள் வந்தன. எட்டாம் வகுப்பில் நாற்பத்தாறு பேர். தேறியவர் இருபத்தேழு. பாலத்துப் பெண் கணக்கில் எண்பத்தெட்டு, அறிவியலில் எழுபது, மொழிப்பாடத்தில் முப்பத்தொன்று. நான்கு மதிப்பெண்ணில் தோல்வி.

தலைமையாசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு காகிதத்தில் வகுத்துப் பார்த்தார். போன வருடமே பள்ளி அறுபது சதவீதத்துக்குக் கீழே போயிருந்தது. இரண்டாவது வருடமும் போனால் பள்ளியை மூடி, பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். நாற்பத்தாறுக்கு இருபத்தேழு என்றால் ஐம்பத்தெட்டு புள்ளி ஏழு. நாற்பத்தைந்துக்கு இருபத்தேழு என்றால் அறுபது. சரியாக அறுபது. அவர் முகம் மலர்ந்துபோனது. ஆபீஸ் டீச்சரைக் கூப்பிட்டு, தாமத வரவு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஒருத்திதான் இருந்தாள். வியாழக்கிழமை வந்து உட்கார்ந்தவள், காகிதம் திங்கட்கிழமை, எண்ணிக்கை நாளான வெள்ளி நடுவில்.

"அப்ப திங்கக்கிழமையே போட்டுடுங்க மேடம்," என்றார்.

ஆபீஸ் டீச்சர் பதிவேட்டை மேசைமேல் வைத்தார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் தலைமையாசிரியர் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. இப்போதும் எதிர்த்துப் பேசுவதாக அவருக்குத் தோன்றவில்லை.

"காகிதம் வந்தது திங்கக்கிழமை, சார். பொண்ணு வந்தது வியாழக்கிழமை."

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் பாவம். ஒழுகும் கூரைக்காக இருபது கடிதம் எழுதியவர். மதியச் சாப்பாடு கொண்டுவராத பிள்ளைகள் யார் என்று தெரிந்து வைத்திருந்தவர். அவர் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். இது பொய் இல்லை, விதி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. பள்ளியை மூடினால் ஆறாம் வகுப்புப் பொடிசுகள் தினமும் அந்தச் சாலையைத் தாண்ட வேண்டும். லாரிகள் எப்படி வருகின்றன என்று தெரியும்தானே. பெரிய பள்ளியில் ஏற்கனவே எழுத்தர் இருக்கிறார். மேடம் கதி என்ன ஆகும் என்றும் யோசிக்கட்டும். பிறகு அவர் குரல் இறங்கியது.

"ஒரு பொண்ணுக்காக நூத்தம்பது புள்ளைங்கள நடுரோட்டுல விடணுமா? நீங்களே சொல்லுங்க."

ஆபீஸ் டீச்சரைத் தியாகி என்றோ தைரியசாலி என்றோ யாரும் நினைத்துவிடக் கூடாது. நூற்றைம்பது பெரிதா, ஒன்று பெரிதா என்று நிறுத்துப் பார்க்கும் தராசு அவரிடம் இல்லை. சலவைக்கடைக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் ஒரு முகம் மட்டும்தான் இருந்தது. அதே மாதிரி இன்னொரு முகத்தைத் தன் கையால் இன்னொரு கவுன்டருக்குப் பின்னால் நிறுத்த முடியாது. அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன் செவ்வாய்க்கிழமை என்று எழுதியதையும் அதனால் என்ன ஆனது என்பதையும் சொன்னார். தலைமையாசிரியருக்கு அந்தப் பெண்ணை நினைவில்லை. நினைவில்லை என்பதே அவரை உறுத்தியது போலிருந்தது. விதிப் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை இருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

மூன்றாம் நாள் ஆபீஸ் டீச்சர் வியாழக்கிழமைத் தேதியின்மேல் மை ஏற்றி, படிவத்தைப் பூர்த்தி செய்து, தலைமையாசிரியர் மேசையில் கொண்டுபோய் வைத்தார். அவர் பக்கங்களைப் புரட்டாமல் கடைசிப் பக்கத்தைத் திறந்து கையெழுத்துப் போட்டார். "நான் எதையும் பாக்கல," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மிகவும் களைத்துப்போனவர் மாதிரிச் சொன்னார்.

இணைப்பு ஆணை ஐந்தே வாரத்தில் வந்தது. கூரைக்கு எழுதிய இருபது கடிதமும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்க, இதற்கு மட்டும் அப்படி ஒரு சுறுசுறுப்பு. ஆசிரியர்கள் எல்லாருக்கும் பெரிய பள்ளியில் இடம் கிடைத்தது. ஆபீஸ் டீச்சருக்கு நகரத்தின் மறுகோடியில் பழைய ஆவணக் கிடங்கில் ஒரு மேசை. விஷயம் எப்படியோ கசிந்து, ஓய்வறை முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் அவரைத் திட்டவில்லை. கணக்கு டீச்சர் மட்டும் ஒருநாள் சாவி வாங்க வந்தபோது, என் பிள்ளையும் ஆறாவதில்தான் இருக்கிறான், அவனும் அந்த ரோட்டைத்தான் தாண்டணும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவே போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு காலை வணக்கம் சொல்வதையும் மற்றவர்கள் மறந்துபோனார்கள். இருபத்தெட்டு வருடமாக இருந்த தனிமைக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவர் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். ஆறுதலாக இல்லை.

பாலத்துப் பெண் அப்பாவோடு சான்றிதழ் வாங்க வந்தாள். பாலம் முடிந்துவிட்டது, அடுத்த வேலை எங்கோ தொலைவில். இதை வைத்து ஒன்பதாவதில் சேர்த்துக்கொள்வார்களா என்று அப்பா கேட்டார். எங்கே போனாலும் சேர்த்துக்கொள்வார்கள், ஒரு பாடம் மட்டும் அங்கேயே மறுபடி எழுதினால் போதும் என்று ஆபீஸ் டீச்சர் சொல்லி, அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். பெண் சான்றிதழை வாங்கி மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. எதற்கு நன்றி? வந்த நாளை வந்த நாள் என்று எழுதியதற்கா? இருந்தாலும் அவர்கள் வாசல் தாண்டும்வரை, அவள் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாளா என்று ஆபீஸ் டீச்சர் ஜன்னலில் நின்று பார்த்தார். அவள் திரும்பவில்லை.

அன்று சனிக்கிழமை. பள்ளியைப் பூட்டிச் சாவிக்கொத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, ஆபீஸ் டீச்சர் நேரே சலவைக்கடைக்குப் போனார். கையில் மூட்டை இல்லை. கவுன்டர் பெண் வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடியும் தலையணை உறைக் கதைதான் கேட்பார் என்று அவருக்குத் தெரியும்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. நீ லேட்டா வரல. புதன்கிழமையே வந்துட்ட. ரெண்டு நாள் முன்னாடியே. காகிதம் வந்த தேதிய நான் எழுதிட்டேன். என் கையாலதான் எழுதினேன். இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. ஆனா எழுதினது நான்தான்."

அந்தப் பெண் கையில் ஒரு சட்டை பாதி மடிப்பில் இருந்தது. உள்ளே இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி சீறுவது கேட்டது. அவள் சட்டையை முழுவதும் மடித்து, பொத்தானைச் சரிபார்த்து, அடுக்கின் மேல் வைத்தாள். எப்போது தெரியும் என்று கேட்டாள். மழைக்காலத்தில், நீ சொன்ன அடுத்த திங்கட்கிழமையே என்று ஆபீஸ் டீச்சர் ஒளிக்காமல் சொன்னார். அவள் மனதுக்குள் மாதங்களை எண்ணுவது முகத்தில் தெரிந்தது.

"அப்ப எங்கம்மா கரெக்டாத்தான் கூட்டிட்டு வந்தாங்களா?"

"கரெக்டாத்தான் கூட்டிட்டு வந்தாங்க. டியூட்டி நடுவுல, யூனிஃபார்மோட ஓடிவந்தாங்க. லேட்டாயிடுச்சுங்களான்னு எங்கிட்ட கேட்டாங்க. இல்லம்மா, சரியாத்தான் வந்திருக்கீங்கன்னு நான்தான் சொன்னேன்."

அவள் கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சாகுற வரைக்கும் அதையே சொல்லிட்டிருந்தாங்க டீச்சர். நான்தான் லீவு கேக்கப் பயந்து உன்ன லேட்டாக் கொண்டுபோய்ச் சேர்த்தேன், உன் படிப்ப நான்தான் கெடுத்தேன்னு. ஆஸ்பத்திரில கடைசி நாள்கூட." அவள் குரல் உயரவே இல்லை. "அவங்க இருக்கும்போது சொல்லியிருக்கலாம்."

ஆபீஸ் டீச்சர் தலையை ஆட்டினார். சொல்லியிருக்கலாம். இரண்டு மாதம் இருந்தது, எட்டு சனிக்கிழமை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் படியிறங்கத் திரும்பினார். பின்னாலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"தேதி என்ன?"

அவர் சொன்னார். நாள், மாதம், வருடம், புதன்கிழமை, காலை பதினொரு மணி. துணியில் கட்டும் அட்டைச்சீட்டு ஒன்றை எடுத்து அவள் அதை எழுதிக்கொண்டாள். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, சரியா என்று கேட்டாள். சரி என்றார். அவள் சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் மூட்டையோடு காத்திருந்தவரைப் பார்த்து, நீங்க வாங்க என்றாள்.